பிஎஃப்சென்ஸ் ஃபயர்வாலில் லாக், டீபக் கோப்புகள்: பெட்டியிலிருந்து காப்பகம் வரை

சிறிய அலுவலகம், பள்ளி, கிளினிக் என்று பல இடங்களில் பிஎஃப்சென்ஸ் ஃபயர்வாலை (இன்டர்நெட்டுக்கும் உள் கணினிகளுக்கும் நடுவே நின்று போக்குவரத்தை வடிகட்டும் மென்பொருள்; அது ஓடும் கருவிதான் கீழே "பெட்டி") நிறுவிக் கொடுத்ததோடு நிறுவியவர் வேலை முடிந்துவிடும். இன்டர்நெட் வரும், விபிஎன் ஓடும், லாக் (நடப்பதை வரிவரியாகக் குறிக்கும் பதிவு) பக்கம் யாரும் திரும்ப மாட்டார்கள். பிறகு ஒருநாள் "போன செவ்வாய்க்கிழமை மதியம் உங்கள் அலுவலகத்தில் எந்தக் கணினியிலிருந்து இந்த முகவரிக்குப் போனார்கள்?" என்று கேள்வி வரும். பெட்டியைத் திறந்தால் கடைசி அரைமணி நேர லாக் மட்டும் இருக்கும். அதுவும் வெளியிலிருந்து வந்து கதவைத் தட்டிவிட்டுப் போன ஸ்கேனர்களின் பட்டியல். கேட்ட விவரம் எழுதப்பட்டே இருக்காது.

இது பழுதல்ல, ஆரம்ப அமைப்பே அப்படித்தான். தடுக்கப்பட்டது பதிவாகும், அனுமதிக்கப்பட்டது பதிவாகாது. அந்த அமைப்பை மாற்றுவதற்கான வழி இது. 2.5 பதிப்பு முதல் லாக்குகள் சாதாரண எழுத்துக் கோப்புகளாகிவிட்டன. கீழே உள்ளவை அந்தப் பதிப்புக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும். மெனு, கட்டளை எல்லாம் ஒலிப்படி தமிழில் இருக்கின்றன. தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

1. பெட்டியில் எவ்வளவு நேர லாக் இருக்கிறது என்று பாருங்கள்

எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து பெட்டிக்குள் நுழையும் முறை) வழியாக உள்ளே போய் மெனுவில் 8 கொடுத்தால், கட்டளை தட்டும் இடமான ஷெல் வரும். "டிஎஃப் -எச்" தட்டினால் டிஸ்க்கில் எவ்வளவு இடம் மீதி என்று தெரியும். "டியூ -எஸ்எச் /வார்/லாக்/*" தட்டினால் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று தெரியும்.

பிறகு அதே ஃபோல்டரில் ஃபில்டர்.லாக் கோப்புகளின் நேரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு லாக்கும் 5,12,000 பைட் ஆனதும் மடிக்கப்பட்டு .0, .1 என்று எண் ஏறி, 7 பழைய கோப்புகள் வரை நிற்கும். எட்டாவது வந்ததும் கடைசி விழுந்துவிடும். ஆக, எண் 6 கொண்ட கோப்பின் நேரம்தான் உங்கள் ஞாபகத்தின் எல்லை.

ஃபயர்வால் லாக்கில் ஒரு வரி சுமார் 200 பைட். விநாடிக்கு 10 வரி விழுகிற சுமாரான அலுவலகத்தில் ஒரு கோப்பு நாலேகால் நிமிடத்தில் நிரம்பிவிடும். நடப்புக் கோப்பையும் சேர்த்து எட்டுக் கோப்புகளுக்கு 34 நிமிடம். மேலே சொன்ன அரைமணிக் கணக்கு இதுதான்.

2. நேரத்தைச் சரிசெய்யுங்கள்

லாக்கைத் தொடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். சிஸ்டம் > ஜெனரல் செட்டப் பக்கத்தில் டைம்சோன் ஆரம்பத்தில் யுடிசியாக (உலகப் பொது நேரம்) இருக்கும். ஏசியா/கொல்கத்தா என்று மாற்றி ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். மாற்றாவிட்டால் லாக்கில் உள்ள நேரம் ஐந்தரை மணி பின்தங்கியிருக்கும். மதியம் மூன்று மணிக்கு நடந்ததை மூன்று மணி வரியில் தேடிக்கொண்டிருப்பீர்கள். அது காலை ஒன்பதரை வரியில் கிடக்கும்.

அதே பக்கத்தில் டைம்சர்வர் கட்டம் இருக்கிறது. இந்தியாவில் இயங்கும் நிறுவனம் என்றால் என்ஐசியின் (தேசியத் தகவலியல் மையம்) சமய்1, சமய்2 சர்வர்களையோ என்பிஎல்லின் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வரையோ கொடுங்கள். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, கணினிக் கடிகாரங்களை இவற்றோடு, அல்லது இவற்றிலிருந்து நேரம் பெறும் சர்வர்களோடு, ஒத்திசைக்கச் சொல்கிறது.

3. எதை எழுத வேண்டும், எதை எழுதக்கூடாது

இந்தப் படிக்கு அவசரப்படாதீர்கள். இங்கே தவறினால் பின்னால் எத்தனை டெராபைட் வாங்கினாலும் பயனில்லை.

ஸ்டேட்டஸ் > சிஸ்டம் லாக்ஸ் > செட்டிங்ஸ் பக்கத்தில் டிஃபால்ட் பிளாக், போகன் (யாருக்கும் ஒதுக்கப்படாத முகவரிகள்), பிரைவேட் நெட்வொர்க் ஆகியவற்றை லாக் செய்யும் டிக்குகள் இருக்கும். மூன்றையும் எடுத்துவிடலாம். வெளியிலிருந்து வந்து மோதித் திரும்பும் பாக்கெட்டுகளின் விவரத்தை வைத்துக்கொண்டு ஒரு சிறிய அலுவலகம் செய்யக்கூடியது எதுவும் இல்லை. பொதுச் சேவை எதையாவது வெளியே திறந்து வைத்திருந்தால் மட்டும், அந்த அனுமதி விதிக்கு லாக் போடுங்கள்.

அடுத்து ஃபயர்வால் > ரூல்ஸ் > லேன் (அலுவலகத்தின் உள் நெட்வொர்க்). இங்கே விதிகளை இந்த வரிசையில் வையுங்கள்:

மேலே, ஃபயர்வாலின் 53 (டிஎன்எஸ், இணையப் பெயரை முகவரியாக்கும் சேவை), 123 (என்டிபி, நேர சேவை) போர்ட்டுகளுக்குப் போகும் அனுமதி. போர்ட் என்பது ஒவ்வொரு சேவைக்குமான கதவு எண். லாக் வேண்டாம். ஒவ்வொரு கைபேசியும் நிமிடத்துக்குப் பலமுறை டிஎன்எஸ் கேட்கும்; அத்தனையும் வரிகளாக விழும்.

அதன் கீழே வழக்கமான "லேன் முழுவதும் வெளியே போகலாம்" விதி. இதைத் திறந்து லாக் டிக்கைப் போடுங்கள். ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் ஒரு வரி விழும்: உள் முகவரி, உள் போர்ட், வெளி முகவரி, வெளி போர்ட். "யார் போனது?" என்ற கேள்விக்கு விடை இந்த வரியில்தான் இருக்கிறது.

கடைசியில் லாக்குடன் ஒரு பிளாக் விதி. உள்ளேயிருந்து ஒரு கணினி தடுக்கப்பட்ட போர்ட்டைத் திரும்பத் திரும்ப முயன்றால், வைரஸ் புகுந்ததன் முதல் அறிகுறி பெரும்பாலும் அதுதான். மேலே உள்ள விதி எல்லாவற்றையும் விட்டுவிடுகிறது என்றால் இந்தக் கடைசி விதிக்கு வேலையே இருக்காது. 25 (மெயில்), 445 (விண்டோஸ் கோப்புப் பகிர்வு) மாதிரி வெளியே போகக்கூடாத போர்ட்டுகளுக்கென்றால் அதை அனுமதி விதிக்கு மேலே தூக்கி வையுங்கள்.

இதை முடித்து ஒருநாள் ஓடவிட்டு, படி 1-இல் பார்த்ததை மறுபடி பாருங்கள். இப்போது கிடைக்கும் வேகம்தான் அடுத்த கணக்குக்கு அடிப்படை.

4. பெட்டிக்குள் ஒருநாள் லாக் மட்டும் போதும்

லாக் கடைசியில் வெளி சர்வருக்குப் போகப்போகிறது. ஆனாலும் சர்வர் படுத்துவிட்டால் மீட்டெடுக்க 24 மணி நேரம் பெட்டியில் இருக்கட்டும். விநாடிக்கு 10 வரி என்றால் நாளுக்கு சுமார் 173 எம்பி. ஒரு கோப்பு 25 எம்பி, எட்டுக் கோப்பு, மொத்தம் 200 எம்பி.

இதை ஃபயர்வால் லாக்கைத் திறந்து, வலது மேல்மூலையில் உள்ள ஸ்பானர் ஐகானை அழுத்தி, அந்த லாக்குக்கு மட்டும் மாற்றுங்கள். அளவு பைட்டில் கேட்கும்: 25000000. வெறும் 25 என்று போட்டுவிடாதீர்கள்.

பொது செட்டிங்ஸ் பக்கத்தில் இதே எண்ணைப் போட்டால் என்ன ஆகும்? அங்கே கொடுப்பது ஏறத்தாழ இருபது லாக்குகளுக்கும் பொருந்தும். 200 எம்பியை இருபதால் பெருக்கினால் 4 ஜிபி. நெட்கேட் 1100 மாதிரி 8 ஜிபி இஎம்எம்சி (உள்ளேயே பதித்த சேமிப்புச் சிப்) கொண்ட பெட்டியில் அது பாதி டிஸ்க்.

கவனிக்க இன்னும் சில:

டிஸ்க்கின் கோப்பு அமைப்பு இசட்எஃப்எஸ் என்றால் லாக் கம்ப்ரெஷனை "நன்" என்று வையுங்கள். கோப்பு அமைப்பே சுருக்கிக்கொள்கிறது; இரண்டுமுறை சுருக்குவது சிபியுவுக்குத் தண்டம்.

சிஸ்டம் > அட்வான்ஸ்ட் > மிஸ்லேனியஸ் பக்கத்தில் ரேம் டிஸ்க் (நினைவகத்தின் ஒரு பகுதியை டிஸ்க் மாதிரி பயன்படுத்துவது) இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் /வார் பகுதிக்கு ஆரம்ப அளவு வெறும் 60 எம்பி. 200 எம்பி லாக் அதில் அடங்காது; கரண்ட் போனால் கடைசி பேக்கப்புக்குப் பிந்தையதும் போய்விடும். இஎம்எம்சி தேய்வதைத் தவிர்க்கத்தான் ரேம் டிஸ்க் என்றால் நியாயம்தான். அப்போது பெட்டியில் ஒருநாள் லாக் என்ற ஆசையை விட்டுவிட்டு வெளி சர்வரை மட்டும் நம்புங்கள்.

திரையில் காட்டும் வரிகளின் எண்ணிக்கையை 500-இலேயே விடுங்கள். அதை ஏற்றினால் சேமிப்பு கூடாது, பக்கம் திறக்க நேரம்தான் கூடும்.

5. வெளியே அனுப்புங்கள்

பழைய மேசைக் கணினி ஒன்றில் டெபியன் (இலவச லினக்ஸ்) போட்டுக்கொண்டால் போதும். அதற்கு நிலையான உள் முகவரி கொடுங்கள். ஃபயர்வாலில் செட்டிங்ஸ் பக்கத்தின் அடியில் ரிமோட் லாகிங்கை இயக்கி, சர்வர் முகவரியையும் 514 போர்ட்டையும் கொடுத்து, ஃபயர்வால், சிஸ்டம், டிஎச்சிபி, விபிஎன், லாகின் நிகழ்வுகளை டிக் செய்யுங்கள். உள் முகவரிகளைப் பகிர்ந்து தரும் டிஎச்சிபியை விட்டுவிடாதீர்கள். 192.168.1.57 என்ற முகவரி அன்றைக்கு யாருடைய லேப்டாப் என்று சொல்வது அந்த லாக்தான்.

அதே பக்கத்தில் லாக் வடிவத்தை ஆர்எஃப்சி 5424-க்கு மாற்றுங்கள். ஆரம்பத்தில் உள்ள பிஎஸ்டி வடிவத்தில் வருடமும் இல்லை, டைம்சோனும் இல்லை. "ஜனவரி 4, 10:22:11" என்று மட்டும் இருக்கும் வரி எந்த ஜனவரி என்று ஒன்றரை வருடம் கழித்து யாராலும் சொல்ல முடியாது.

சோர்ஸ் முகவரிக்கு லேன் என்று தேர்ந்தெடுங்கள். லாக் சர்வர் வேறு கிளையில் ஐபிசெக் (ஒரு விபிஎன் வகை) சுரங்கத்துக்கு அப்பால் இருந்தால் இது கட்டாயம். இல்லாவிட்டால் பாக்கெட் சுரங்கத்துக்குள் நுழையாமல் வெளியே போய்த் தொலைந்துவிடும், ஒரு எச்சரிக்கையும் வராது.

உள்ளமைந்த வசதி யுடிபியில் (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத முறை) மட்டும் அனுப்பும். சர்வர் அணைந்திருந்தால் அந்த நேரத்து லாக் போனது போனதுதான், திரும்ப அனுப்பாது. டிசிபி (சேர்ந்ததை உறுதிசெய்யும் முறை), டிஎல்எஸ் (மறையாக்கம்) வேண்டுமென்றால் சிஸ்லாக்-என்ஜி பேக்கேஜை நிறுவ வேண்டும். ஒரே கட்டடத்துக்குள் யுடிபி போதும். பொது இன்டர்நெட் வழியாக அனுப்பினால் டிஎல்எஸ் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

6. சர்வரில் வாங்கி அடுக்குங்கள்

டெபியனில் ஆர்சிஸ்லாக் (லாக்கை வாங்கி எழுதும் மென்பொருள்) நிறுவி, /இடிசி/ஆர்சிஸ்லாக்.டி ஃபோல்டரில் புதிய கோப்பு ஒன்று உருவாக்குங்கள். அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: யுடிபி 514-ஐக் கேட்கும் ஐஎம்யுடிபி மாட்யூல், அனுப்பியவரின் ஐபியையும் தேதியையும் வைத்துக் கோப்புப் பெயர் அமைக்கும் டெம்ப்ளேட், அந்த ஐபியிலிருந்து வருவதை அங்கே எழுதிவிட்டு "ஸ்டாப்" சொல்லும் விதி. ஸ்டாப் விட்டுப்போனால் அதே வரிகள் சர்வரின் சொந்த சிஸ்லாக்கிலும் விழுந்து இரட்டை இடம் பிடிக்கும்.

கோப்புப் பெயருக்கு ஹோஸ்ட்நேமைப் பயன்படுத்தாமல் ஐபியைப் பயன்படுத்துங்கள். பிஎஸ்டி வடிவில் ஹோஸ்ட்நேம் இல்லாமல் வரி வந்தால், ஆர்சிஸ்லாக் "ஃபில்டர்லாக்" என்ற புரோகிராம் பெயரையே ஹோஸ்ட்நேம் என்று எடுத்துக்கொண்டு விசித்திரமான பெயர்களில் ஃபோல்டர் திறந்துகொண்டே போகும்.

சர்வரின் ஃபயர்வாலில் 514-ஐ பிஎஃப்சென்ஸ் முகவரிக்கு மட்டும் திறவுங்கள். வருகிறதா என்று பார்க்க "டிசிபிடம்ப் -என் போர்ட் 514". இதில் பாக்கெட் தெரிந்து கோப்பு உருவாகவில்லை என்றால் பிழை ஆர்சிஸ்லாக் கோப்பில் அல்லது ஃபோல்டர் அனுமதியில். பாக்கெட்டே தெரியவில்லை என்றால் பிஎஃப்சென்ஸ் பக்கம் போங்கள்.

கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இன்றைய கோப்பு வளர்ந்திருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மெயில் அனுப்பும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் வசதி) போடுங்கள். இதைப் போடாத இடங்களில், லாக் நின்றுபோனது லாக் தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.

7. காப்பகம்

இரவு ஒன்றேகால் மணிக்கு ஓடும் கிரான் வேலை ஒன்று போதும். இரண்டு நாளுக்கு முந்தைய கோப்புகளைச் சுருக்க வேண்டும், சுருக்கியதற்கு ஷா-256 (கோப்பின் கைரேகை மாதிரியான ஹாஷ் மதிப்பு) எடுத்துத் தனிப் பட்டியலில் சேர்க்க வேண்டும், காலம் கடந்தவற்றை நீக்க வேண்டும்.

இன்றைய கோப்பைச் சுருக்கக் கூடாது. ஆர்சிஸ்லாக் அதைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருக்கும். சுருக்கும் கருவி அசலை நீக்கினாலும் அது நீக்கப்பட்ட கோப்பிலேயே தொடர்ந்து எழுதும். அந்த வரிகள் எங்கேயும் இருக்காது. "ஃபைண்ட்" கட்டளையில் "-எம்டைம் +1" கொடுத்தால் முழுதாக 48 மணி நேரம் தாண்டியவை மட்டும் சிக்கும்.

எத்தனை நாள்? செர்ட்-இன் உத்தரவு 180 நாள் என்கிறது. அப்படியே 180 போட்டால், கேள்வி வந்து நீங்கள் தேடத் தொடங்குவதற்குள் கடைசி நாட்கள் அழிந்துகொண்டிருக்கும். 400 நாள் வையுங்கள். நாளுக்கு 173 எம்பி என்றால் 180 நாளுக்கு 31 ஜிபி, 400 நாளுக்கு 69 ஜிபி, அதுவும் சுருக்காமல். இந்த வகை லாக் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குவது சாதாரணம். இட நெருக்கடி என்று சொல்லிக்கொள்ள இங்கே வழியே இல்லை.

லாக்கோடு சேர்த்து ஃபயர்வாலின் கான்ஃபிக் (எல்லா அமைப்புகளும் அடங்கிய) கோப்பையும் வையுங்கள். ஃபில்டர் லாக்கின் எந்த வரியிலும் விதியின் பெயர் இருக்காது. டிராக்கர் எண்தான் இருக்கும். விதியை நீக்கிவிட்ட பிறகு அந்த எண் எதைக் குறித்தது என்று பழைய கான்ஃபிக் இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. டயக்னாஸ்டிக்ஸ் > பேக்கப் அண்ட் ரீஸ்டோர் பக்கத்தில், விதி மாறும்போதெல்லாம் என்க்ரிப்ட் டிக்கோடு இறக்குங்கள். விபிஎன் சாவிகள் அதற்குள் இருக்கின்றன.

மாதம் ஒருமுறை யுஎஸ்பி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துக் கழற்றி வையுங்கள். ரான்சம்வேர் வந்தால் மாட்டியிருக்கும் டிஸ்க்கும் சேர்ந்தே பூட்டப்படும்.

8. டீபக் லாக்: திறந்தால் மூட வேண்டும்

டீபக் லாக் என்பது பிரச்சினையைத் தேடத் தற்காலிகமாகத் திறக்கும் விரிவான பதிவு. ஐபிசெக் பிரச்சினைக்கு விபிஎன் > ஐபிசெக் > அட்வான்ஸ்ட் பக்கத்தில் ஐகேஇ எஸ்ஏ, ஐகேஇ சைல்ட் எஸ்ஏ, கான்ஃபிகரேஷன் பேக்எண்ட் மூன்றையும் டயாக் நிலைக்கு ஏற்றி, மற்றவற்றைக் கண்ட்ரோல் நிலையில் விடுங்கள். எல்லாவற்றையும் ஹையஸ்ட் வைத்தால் பாக்கெட்டின் உள்ளடக்கமே எண்களாகக் கொட்டும். தேடுவது அதில் மூழ்கிவிடும்.

ஓபன்விபிஎன்னில் வெர்பாசிட்டியை மாற்றிச் சேமித்தால் சர்வர் மறுபடி தொடங்கும். இணைந்திருப்பவர்கள் எல்லாரும் அறுபடுவார்கள். அலுவலக நேரத்தில் தொடாதீர்கள். டிஎன்எஸ் ரிசால்வரின் லாக் நிலைக்கும் எச்சரிக்கை உண்டு: ஏற்றினால் ஒவ்வொரு கேள்வியும் எழுதப்படும், ரிசால்வர் லாக் நிமிடங்களில் சுழன்றுவிடும்.

பாக்கெட் கேப்சரில் எண்ணிக்கை கட்டத்தில் 0 என்றால் எல்லையில்லை என்று பொருள். முகவரி, போர்ட் வடிகட்டி இல்லாமல் 0 கொடுத்துவிட்டு மதிய சாப்பாட்டுக்குப் போனால், திரும்பும்போது டிஸ்க் நிரம்பியிருக்கும்.

நடைமுறை: டீபக்கைத் திறக்கும்போதே எந்த மணிக்கு மூடுவது என்று கைபேசியில் அலாரம் வையுங்கள். பிரச்சினையை ஒருமுறை வரவழைத்து, அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, லாக்கை இறக்கி, பழைய நிலைக்குத் திருப்புங்கள். கோப்புப் பெயரில் தேதி, இடம், புகார் எண் இருக்கட்டும். "டீபக்-புதியது-2" என்று பெயர் வைத்தால் அடுத்த வாரம் உங்களுக்கே புரியாது.

பெட்டி க்ராஷ் ஆனால் விவரம் முதலில் ஸ்வாப் பகுதியில் எழுதப்பட்டு, அடுத்த பூட்டில் /வார்/க்ராஷ் ஃபோல்டருக்கு வரும். நிறுவும்போது ஸ்வாப் வேண்டாம் என்று விட்டிருந்தால் எதுவும் கிடைக்காது. முகப்பில் அறிவிப்பு வந்ததும், அழிப்பதற்கு முன் இறக்கிக்கொள்ளுங்கள்.

சப்போர்ட்டுக்கு அனுப்ப முழு நிலவரம் வேண்டுமென்றால் ஃபயர்வால் முகவரிக்குப் பின்னால் ஸ்டேட்டஸ்.பிஎச்பி என்று தட்டுங்கள். எல்லாவற்றையும் திரட்டி ஒரே கட்டாகத் தரும். கடவுச்சொற்களை அது மறைத்தாலும், உங்கள் பொது ஐபி, விபிஎன் மறுமுனை, பயனர் பெயர்கள் எல்லாம் அப்படியே இருக்கும். பொது வாட்ஸ்அப் குழுவில் போடும் பொருளல்ல.

9. டிஸ்க் நிரம்பிவிட்டால்

எந்த செட்டிங்ஸையும் சேமிக்காதீர்கள். இடம் இல்லாத டிஸ்க்கில் கான்ஃபிக் கோப்பு பாதியில் எழுதப்பட்டால் லாக் பிரச்சினை ஃபயர்வால் பிரச்சினை ஆகிவிடும். முதலில் "டியூ" கொண்டு காரணத்தைத் தேடுங்கள். பிஎஃப்சென்ஸின் சொந்த லாக்குகள் சுழன்றுகொண்டிருப்பதால் அவை காரணமாக இருப்பது அபூர்வம். சூரிகாட்டா, ஸ்குவிட், என்டாப்-என்ஜி மாதிரி பேக்கேஜ்கள், மறந்துபோன கேப்சர் கோப்புகள், இவைதான் வழக்கமான ஆசாமிகள்.

பெரிய லாக்கை நீக்கியும் இடம் திரும்பவில்லையா? அதை எழுதும் புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. அந்த சேவையை மறுபடி தொடங்குங்கள், அல்லது நீக்குவதற்குப் பதில் "டிரன்கேட் -எஸ் 0" கொடுத்துக் காலியாக்குங்கள்.

செட்டிங்ஸ் பக்கத்தில் உள்ள ரீசெட் லாக் ஃபைல்ஸ் பொத்தான் எல்லா லாக்குகளையும் ஒருசேரத் துடைத்துவிடும். ஒன்றை மட்டும் காலிசெய்ய அந்தந்த லாக்கின் ஸ்பானர் ஐகானுக்குள் தனிப் பொத்தான் இருக்கிறது.

10. ஆவணம், செலவு, நேரம்

இணையப் பாதுகாப்புச் சம்பவம் நடந்தால், அறிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதே உத்தரவு. லாக்கை இந்தியாவில் வைக்கச் சொன்ன உத்தரவுக்குப் பின் வந்த விளக்கத்தில், கேட்டதும் தர முடிந்தால் வெளிநாட்டில் பிரதி இருக்கலாம் என்றார்கள். இருந்தாலும் ஒரு பிரதி உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதே நல்லது.

லாக் நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால் பாரதிய சாட்சிய அதினியம் 2023, பிரிவு 63-இன்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். 2024 ஜூலை 1-க்கு முன் இது 65பி சான்றிதழ். புதிய படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் எந்த முறையில் எடுத்தீர்கள் என்பதையும் எழுத இடம் உண்டு. படி 7-இல் எடுத்த ஷா-256 பட்டியல் இங்கே வேலைக்கு வரும். கேட்ட அன்றைக்கு எடுத்த ஹாஷ், அன்றிலிருந்து கோப்பு மாறவில்லை என்று மட்டும்தான் சொல்லும். லாக் எழுதப்பட்ட வாரத்தில் எடுத்ததற்கு மதிப்பே வேறு. படிவத்தை நிரப்பும் முன் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: நெட்வொர்க் வரைபடம் ஒரு பக்கம், லாக் எங்கே எத்தனை நாள் இருக்கும் என்று ஒரு பக்கம், யார் எப்போது யாருக்கு லாக் கொடுத்தார் என்ற பதிவேடு. வாய்மொழியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். எழுத்தில் வாங்கி, கேட்ட நேர இடைவெளியை மட்டும் வெட்டிக் கொடுங்கள். முழு லாக்கில் அலுவலகத்தில் எல்லாரும் எங்கெல்லாம் போனார்கள் என்பது இருக்கிறது.

மென்பொருளுக்குச் செலவில்லை. 40 வாட் இழுக்கும் பழைய கணினி நாள் முழுக்க ஓடினால் மாதம் சுமார் 29 யூனிட். யுபிஎஸ்ஸில் ஃபயர்வாலோடு சர்வரையும் சுவிட்சையும் சேர்த்து மாட்டுங்கள். கரண்ட் போன நேரத்தில் ஃபயர்வால் மட்டும் உயிரோடிருந்தால் லாக் போய்ச் சேர இடமிருக்காது. அமைப்பு வேலை, பழகாத கைக்கு ஒரு முழு நாள். பிறகு மாதம் அரைமணி: யுஎஸ்பி பிரதி, டிஸ்க் இடம், அப்புறம் மூன்று மாதத்துக்கு முந்தைய ஏதாவது ஒருநாள் கோப்பை விரித்து, ஹாஷ் பொருந்துகிறதா, ஒரு முகவரியைத் தேடினால் வரி கிடைக்கிறதா என்று பார்ப்பது.